பத்து அங்குலம் பெரிய படகுப் பாய்

பிப்ரவரி 6

கோபம் குறையாத என் நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்தவுடனே கிழித்துப் போட்டுவிடாதே. இது சமாதானக் கடிதம் இல்லை, வேலைக் கடிதம். உன் தையல் கடைக்கு ஓர் ஆர்டர் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே படி. போனில் கேட்டிருக்கலாம்தான். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் வினையாகிவிடும் என்று உன் அண்ணன் என் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு படகு நிற்கிறது. சிரிக்காதே. பாய்மரப் படகு, பதினாறு அடி நீளம். ஏரிக்கரைக் கொட்டகை ஒன்றில் பதினோரு வருஷமாகக் கவிழ்ந்து கிடந்தது. கொட்டகையைக் காலி செய்தவர்கள் அதை விறகுக்கு உடைக்கப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கு நான் கீழ்வரிசைப் பல் முழுக்கச் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த நன்றியில், "வேணும்னா எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. உன் அண்ணன் தினமும் கேட்கிறார், அவருக்கும் விளங்கவில்லை. பக்கத்துக் காலி மனை வழியாக லாரியில் வந்து இறங்கியது.

பல் மருத்துவமனைப் பின்னறையில் இருபத்திரண்டு வருஷம் பல் செய்த கைக்குப் படகு ஒன்றும் பெரிதில்லை. அடிப்பலகைகளில் எது உளுத்தது என்று சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல பலகை 'டொக்' என்றது, கெட்டது 'பொத்' என்றது. மூன்றை மாற்றினேன். பெயிண்ட் மட்டும் ஆறு அடுக்கு. மெழுகு சுரண்டும் கரண்டியாலேயே சாயங்காலத்துக்கு ஒரு முழம் என்று சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்பாய். பிடிக்கச் சொன்னால் பிடிப்பார், விடச் சொன்னாலும் பிடித்துக்கொண்டே நிற்பார். போன வாரம் ஒரு பலகையைப் பசை காய்கிற வரைக்கும் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் மறந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். "நீதானே புடிக்கச் சொன்ன" என்கிறார்.

பாய்தான் இல்லை. பழையதை எலி தின்றது போக ஒரு துண்டு அகலம் தேறும். இந்தப் பக்கத்தில் படகுப் பாய் தைப்பவர்கள் யாரும் இல்லை. கனத்த துணியில் கோணாமல் தையல் ஓட்ட எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீ. நாலு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்கிறவளுக்கு ஒரு முக்கோணம் பெரிய வேலையா?

மூன்று வருஷமாக நீ எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். போகட்டும். தைப்பாயா, மாட்டாயா, அதைச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. ஆர்டர் என்று எழுதியிருந்ததால் ஆர்டர் சீட்டுகளைக் குத்தி வைக்கும் கம்பியில் குத்தி வைத்தேன். இன்றைக்கு அதன் முறை வந்தது.

பாய் தைத்துத் தருகிறேன். மூன்று ஓரங்களின் அளவும் வேண்டும். எந்த ஓரம் மரத்தில் கட்டப்படும், எது சும்மா காற்றில் நிற்கும், கயிறு நுழைக்க எங்கெங்கே ஓட்டை வேண்டும் என்றும் எழுதுங்கள். எலி மிச்சம் வைத்ததையும் அனுப்புங்கள், பழைய தையலைப் பார்க்க வேண்டும். துணியை நானே எடுத்துக்கொள்கிறேன்.

தைப்பது அண்ணனுக்காக. முக்கால் மணி நேரம் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதருக்கு யாராவது ஒரு நல்லது செய்ய வேண்டாமா?

உங்கள்மேல் இருக்கும் வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. என் கணவரின் தங்கை கல்யாண வரவேற்பில், என் புகுந்த வீட்டார் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருந்த மேசையில், "அவ முன்பல்லு ரெண்டும் நான் செஞ்சது, தெரியுதா பாருங்க?" என்று கேட்டீர்கள். நான் கடைப் படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது உங்கள் இரண்டு பேருக்கும் என் கணவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இதற்கு நீங்கள் சமாதானம் எழுத வேண்டாம். அளவை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 24

என் கண்டிப்பான நாத்தனாருக்கு,

எழுதாதே என்று சொன்னால் எனக்குக் கை அரிக்கும் என்பது உனக்குத் தெரியாதா?

நான் உன்னைக் குறையா சொன்னேன்? "எங்க மருமக சிரிச்சா வீடே வெளிச்சமாயிடும்" என்று உன் மாமியார்தான் ஆரம்பித்தார். அந்த வெளிச்சத்துக்குப் பதினேழு நாள் நிறம் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தவள் நான். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. நீயே யோசித்துப் பார். நீ தைத்த சட்டையைப் பார்த்து நாலு பேர் "யாருங்க தைச்சது?" என்று கேட்பார்கள். நான் செய்த பல்லைப் பார்த்து ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் இப்படி வாயை மூடிக்கொண்டே வேலை செய்து பார், அப்போது தெரியும். நான் பாராட்டத்தான் பாராட்டினேன். உன்னையா என்னையா என்று கேட்காதே.

சரி, அளவு. மரத்தோடு கட்டுகிற ஓரம் பதினேழு அடி. கீழ் ஓரம் எட்டரை அடி, அது ஒரு குறுக்குக் கட்டையில் கட்டப்படும். சாய்ந்த ஓரம் பத்தொன்பது அடி, அது சும்மா நிற்பது. ஓட்டைகளுக்குப் படம் போட்டிருக்கிறேன். படத்தில் வலது மூலையில் இருப்பது காபிக் கறை, அங்கே ஓட்டை போட்டுவிடாதே. எலி மிச்சம் தனிப் பொட்டலமாக வருகிறது.

படகுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டேன். நீலம். சுக்கானின் பிடி உடைந்திருந்ததால் பல்லுக்கு அச்சு எடுக்கிற மாதிரி உன் அண்ணனின் கைப்பிடியை அச்சு எடுத்து, அதே அளவில் ஒரு பிடி செய்திருக்கிறேன். அவர் கைக்கு அத்தனை பொருத்தம். நான் பிடித்தால் வழுக்குகிறது. படகை ஓட்டப் போவது யார் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

அளவும் பொட்டலமும் வந்தன. எலி கெட்டிக்கார எலி, தையலை மட்டும் தொடவில்லை. பழைய பாயின் ஓரம் லேசாக வளைந்திருக்கிறது. தட்டையாக வெட்டினால் காற்று வழுக்கிப் போகும், கொஞ்சம் வயிறு விட்டுத் தைத்தால்தான் உள்ளே உட்காரும் என்று புரிந்தது. அப்படியே செய்கிறேன்.

மற்றதைப் பற்றி நானும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

என் கடை அலமாரியில் பதினான்கு அளவுப் புத்தகங்கள் இருக்கின்றன. இந்த ஊரில் பாதிப் பேரின் இடுப்பு அவற்றில் இருக்கிறது. நாலு மாதத்தில் இரண்டு முறை சட்டையைப் பிரித்துவிடச் சொன்னது யார், யாருடைய இரண்டு கால்களும் ஒரே நீளம் இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். தலைமை ஆசிரியர் ஒருவருக்கு ஒரு பக்கத் தோள் இறக்கம். கோட்டுக்கு உள்ளே மூன்று மடிப்புப் பஞ்சு வைத்துச் சமன் செய்து கொடுத்தேன். ஆண்டு விழாவில் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறி நிமிர்ந்து நின்றார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் "என்ன கம்பீரம்!" என்றார். "அந்தத் தோளு நான் வெச்சது" என்று சொல்ல எனக்கு மட்டும் ஆசை இருக்காதா அண்ணி? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நீங்கள் சொன்னவுடன் அந்த மேசையில் இருந்த பதினோரு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் எண்ணினேன். அன்றிலிருந்து வாயில் கை வைத்துக்கொள்ளாமல் நான் சிரித்ததில்லை. கடையில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் டேப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்துவிடுகிறேன். என் கணவர் ஜோக் சொல்வதையே நிறுத்திவிட்டார். அது பெரிய நஷ்டம் இல்லை. ஆனாலும் வீடு முன்னைப் போல இல்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 14

கண்ணு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கையில் இருந்த உப்புத்தாளால் அதே பலகையை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் போய்விட்டது, நாளைக்கு மறுபடி அடிக்க வேண்டும்.

நான் செய்தது தப்பு. பல் நான் செய்ததுதான், ஆனால் அது உன் வாய்க்குள் போன பிறகு உன்னுடையது. அதைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை? பாராட்டினேன், பாராட்டினேன் என்று மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சிரிப்பதை நிறுத்தியிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினேழு நாள் உட்கார்ந்து நான் எதற்காக அதைச் செய்தேன்? நீ சிரிக்கத்தானே? நானே அதைக் கெடுத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு. உடனே முடியாவிட்டால் மெதுவாக மன்னி, நான் எங்கும் போய்விட மாட்டேன்.

பக்கத்து மனையில் வீடு கட்டப் போகிறார்கள். ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி சுவருக்குத் தோண்டுகிறார்கள். அதற்குப் பிறகு படகை வெளியே எடுக்க வழி இல்லை. அதனால் பன்னிரண்டாம் தேதி லாரி வருகிறது, அன்றைக்கே ஏரியில் இறக்குகிறோம். நீ வர வேண்டும். இந்தப் படகு மிதக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, நீ கரையில் நின்று என்னைத் திட்டினால் போதும்.

அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

பாய் இன்று பார்சலில் போய்விட்டது. வெட்டுகிற மேசையில் அது கொள்ளவில்லை. நாற்காலி, பெஞ்சு எல்லாவற்றையும் வாசலில் தள்ளி, தரையில் விரித்து, அதன்மேல் தவழ்ந்து தவழ்ந்து வெட்டினேன். இரண்டு நாள் வந்தவர்களுக்கெல்லாம் நடைபாதையில்தான் அளவு எடுத்தேன். ஒருவர், "யாருக்கும்மா இவ்ளோ பெரிய பாவாடை?" என்று கேட்டார். எங்கள் அண்ணிக்கு என்று சொல்லிவிட்டேன். அளவு ரகசியம் காப்பாற்றுவதைப் பற்றிப் போன கடிதத்தில் நான் எழுதியதை இந்த ஒரு விஷயத்துக்கு விட்டுவிடுங்கள்.

எல்லா ஓரத்திலும் ஆறு அங்குலம் கூட விட்டிருக்கிறேன். புதுத் துணி, முதல் தண்ணீர் பட்டதும் சுருங்கும். சீருடைக்கு எப்போதும் கூட விட்டுத்தான் வெட்டுவேன், கை அப்படியே பழகிவிட்டது.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். கேட்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, அதனால் பதிலும் யோசித்து வைக்கவில்லை. இரண்டு முறை எழுதிக் கசக்கிப் போட்டேன். உங்கள்மேல் இப்போது கோபம் இல்லை. ஆனால் வர முடியாது அண்ணி. ஏரிக்கரையில் கூட்டம் இருக்கும். கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் நிற்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்லிவிடுவீர்களோ என்று நாள் முழுக்க உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளதைச் சொல்லிவிட்டேன், வருத்தப்படாதீர்கள்.

அண்ணனைத் தண்ணீருக்குள் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 4

கண்ணு,

பாய் வந்தது. தையல் என்றால் தையல்! பல் செய்கிறவள் சொல்கிறேன், கோடு போட்டது மாதிரி இருக்கிறது. மரத்தை நிமிர்த்தி அதில் ஏற்றினோம், காற்று வந்து உட்கார்ந்தது. உன் அண்ணன் கைதட்டினார்.

அப்புறம் அவர் தலையில் கட்டை இடித்தது.

எப்படிச் சொல்வேன்? பாய் பத்து அங்குலம் பெரிது. குறுக்குக் கட்டை அந்த அளவுக்குக் கீழே தொங்குகிறது, ஓட்டுகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தப்பு உன்னுடையது இல்லை. நாங்கள் பல் செய்கிற பசை காயும்போது சுருங்கும், அதனால் எதை அளந்தாலும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவேன். துணியும் சுருங்குமே என்று உனக்குச் சொல்லாமல் நாலு அங்குலம் கூட்டி எழுதினேன். நீ ஆறு கூட்டினாய். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இந்தத் துணி ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாயை வளர்கிற பிள்ளையாக நினைத்துவிட்டோம்.

திருப்பி அனுப்ப நாள் இல்லை. நீ கவலைப்படாதே. அடியில் சுருட்டி, பெரிய குண்டூசியாகப் பார்த்துக் குத்திவிடுகிறேன். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நீ வராதது பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை பார். கையை அடக்கப் பழகுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

குண்டூசியைத் தொடாதீர்கள். நான் தைத்த ஒன்றை நாலு பேர் முன்னால் குண்டூசி குத்தி நிறுத்தப் போகிறீர்களா? பதினோராம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். மெழுகு நூல், தடி ஊசி, கயிறு கட்டும் வளையம் எல்லாம் நானே எடுத்து வருகிறேன். பாயை யாரும் மடிக்க வேண்டாம், சுருட்ட வேண்டாம், அண்ணன் பிடிக்கவும் வேண்டாம்.

வருவது பாய்க்காக.

நாத்தனார்


ஏப்ரல் 25

என் செல்ல நாத்தனாருக்கு,

நீ பஸ் ஏறின நாளிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. படகு ஏரியில் நலமாக இருக்கிறது. கரையில் ஒருவர் சொன்னது சரிதான், பலகை நாலு நாள் தண்ணீரில் ஊறியதும் உப்பி இடுக்கெல்லாம் தானாக மூடிக்கொண்டது. இப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை. முதல் நாள்தான் அப்படி ஒழுகி மானத்தை வாங்கிவிட்டது. உன் அண்ணன் வாளியும் கையுமாகவே இருந்தார். நீ போட்ட மடிப்பு அசையவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். நேற்று மருத்துவமனைக்கு ஓர் அம்மாள் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நேராகப் பின்னறைக்கு வந்து, "உங்க நாத்தனார் முன்பல்லு மாதிரியே எங்கப்பாவுக்கும் செஞ்சு குடுங்க" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. யார் சொன்னது என்று கேட்பதற்குள் டாக்டர் அவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார். அவர்கள் திரும்பி வந்தபோது நான் பதற்றத்தில் கேட்கவே இல்லை. கண்ணு, சத்தியமாக நான் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தேன், நீயே பார்த்தாய். உன் அண்ணனை உட்கார வைத்து விசாரித்தேன், அவரும் இல்லை என்கிறார். மூன்று வருஷம் கழித்து நீ வந்திருக்கிறாய். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமோ என்று பயத்தில் சோறு இறங்கவில்லை. என்னை நம்புவாயா? ஒரு வரி எழுது.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணி,

முதலில் சாப்பிடுங்கள். நீங்கள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அண்ணனை விட்டுவிடுங்கள், பாவம்.

படகை இறக்குவதற்கு முன்னால், தொப்பி போட்ட ஒருவர் பாயின் அடி மடிப்பைக் காட்டி, "தைச்சவங்க அளவைக் கோட்டை விட்டுட்டாங்களோ?" என்று உங்களிடம் கேட்டார். "அளவை நான்தாங்க தப்பாக் குடுத்தேன். தைச்சவ கை சுத்தம்" என்று சொன்னீர்கள். என் ஆறு அங்குலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் உங்களுக்குப் பின்னால்தான் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் ஏறிப் போனீர்கள். கரையிலிருந்து கட்டிய நீளக் கயிறு என் கையில் இருந்தது. பத்து கஜம் போவதற்குள் உள்ளே தண்ணீர். நீங்கள் "வாளிய எடுங்க!" என்று கத்துகிறீர்கள், அண்ணன் வாளியை எடுத்துப் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்கிறார். "மொண்டு ஊத்துங்க!" என்கிறீர்கள், "எடுக்கத்தானே சொன்ன!" என்கிறார். எனக்கு வந்த சிரிப்பை என்னவென்று சொல்வது! வாயை மூடக் கை இல்லை, இரண்டு கையிலும் கயிறு. விட்டால் நீங்கள் நடு ஏரிக்குப் போய்விடுவீர்கள். கண்ணில் தண்ணீர் வர, வயிறு வலிக்க, அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுச் சிரித்தேன்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், உங்களிடம் அப்பாவைக் கூட்டி வந்தவர் அவராகத்தான் இருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சிரிக்கிறது பாக்கவே நல்லா இருக்குங்க" என்றார். பழைய பயம் எட்டிப் பார்த்தது. ஆனால் கை கயிற்றில்தான் இருந்தது. விடத் தோன்றவில்லை.

"முன்பல்லு ரெண்டும் எங்கண்ணி செஞ்சது. அதோ, படகுல நின்னு கத்துறாங்களே, அவங்கதான்" என்று சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "பொய் சொல்றீங்க, எங்க காட்டுங்க" என்று கிட்டே வந்தார். நான் வாயை நன்றாகத் திறந்து காட்டினேன்.

உங்கள் நாத்தனார்